எட்டு நாள்ல கோஸ்டா ரிகா: அப்பா அம்மா, சின்னப் பசங்களோட போறவங்க எங்க போகலாம், எதை விடலாம்

ஹூஸ்டன்லேர்ந்து ஜூலைல கெளம்புறீங்க, கையில எட்டு நாள், ஊர்லேர்ந்து வந்திருக்கிற அப்பா அம்மாவும் கூட வர்றாங்க, அப்பாவுக்கு முழங்கால் தொந்தரவு, அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது, பசங்களுக்கு 6 வயசும் 11 வயசும். போவாஸ் எரிமலை, லா ஃபோர்ட்டூனா, ரியோ செலஸ்டே ஆறு, மான்டெவெர்டே, மானுவல் அன்டோனியோ, டோர்டுகேரோ, புவெர்ட்டோ வியெஹோன்னு ஏழு இடத்தையும் வாடகைக் கார்லயே சுத்திடலாமான்னு கேட்டிருக்கீங்க.

வேண்டாம். லா ஃபோர்ட்டூனா, மான்டெவெர்டே, மானுவல் அன்டோனியோ, இந்த மூணு போதும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரி தங்குங்க, போவாஸ் மட்டும் போற வழில வந்தா பாத்துக்கலாம். மத்ததை மனசைக் கல்லாக்கிட்டு வெட்டிடுங்க, ஏன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா இந்த நாட்டுக்கு வர்ற நம்ம குடும்பங்கள்ல பாதிப் பேரு வண்டிக்குள்ளயே நாளைக் கழிச்சிட்டு "ஒண்ணும் பெருசா இல்லப்பா, எல்லாம் பச்சையா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டுத் திரும்புறாங்க, அதைக் கேக்கும்போது எனக்கு வயிறு எரியுது.

மேப்ல பாத்தா நாடு சின்னது, 51,100 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல பாதி கூட வராது. ஆனா நடு முதுகெலும்பா மலை ஓடுது, ரோடெல்லாம் அதை ஏறி இறங்கித்தான் போகணும். தலைநகர் சான் ஹொசே ஏர்போர்ட்லேர்ந்து லா ஃபோர்ட்டூனா மூணு மணி நேரம். லா ஃபோர்ட்டூனாவுக்கும் மான்டெவெர்டேக்கும் நேர்கோட்டுல அளந்தா 30 கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா நடுவுல அரெனால் ஏரியும் மலையும் இருக்கிறதால ரோடு ஏரியைச் சுத்தி வரும், அதுவே மூணு மணி நேரத்துக்கு மேல, கடைசிப் பகுதி கொல்லிமலை ஏறுற மாதிரி வளைவு வளைவா இருக்கும், கூடவே குழி வேற. பசங்களுக்கு வாந்தி வர்ற டைப்னா மாத்திரை கட்டாயம். அப்புறம் இன்னொண்ணு, இது பூமத்திய ரேகைக்குப் பக்கத்து நாடு, வருஷம் பூரா சாயங்காலம் 6 மணி வாக்குல இருட்டிடும், அந்த ரோட்ல இருட்டுல ஓட்டக்கூடாது, லைட்டும் இருக்காது ஓரத்துல கோடும் இருக்காது. ஆக ஒரு நாளைக்கு உங்களுக்குக் கிடைக்கிற பகல்ல ட்ராவலுக்கே ஆறு மணி நேரம் போச்சுன்னா என்ன மிச்சம் இருக்கும்.

காரைப் பத்தி. ஆறு பேர், ஆறு பேரோட பெட்டி, ஏழு சீட்டர் எடுத்தாலும் மூணாவது வரிசையைப் போட்டா பெட்டி வைக்க இடம் இருக்காது, ரெண்டு வண்டி எடுத்தா ரெண்டு டிரைவர் வேணும். ஆன்லைன்ல வாடகை ரொம்பக் கம்மியாத் தெரியும், அதை நம்பாதீங்க, இந்த நாட்டுச் சட்டப்படி கட்டாயமா எடுக்க வேண்டிய மூணாம் நபர் இன்சூரன்ஸ் பெரும்பாலும் அந்த விலைல சேந்திருக்காது, கவுன்டர்ல நிக்கும்போதுதான் தெரிய வரும். ரெண்டு ஜோடி மட்டும் போறாங்கன்னா கார் எடுங்கன்னு நானே சொல்வேன், அந்தச் சுதந்திரம் நல்லாத்தான் இருக்கும். உங்க குடும்பத்துக்கு டிரைவரோட ஒரு வேன் பேசிக்கிறதுதான் சரி, ஊருக்கு ஊரு மாறுற நாலு நாளைக்கு மட்டும். ஊருக்குள்ள டூர்காரங்களே ஹோட்டலுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க, டாக்ஸியும் கிடைக்கும். அப்பா முன் சீட்ல காலை நீட்டி உக்காரலாம், நீங்களும் ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டே இருக்காம வெளிய பாக்கலாம். கார்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா வேஸ்னு வழி காட்டுற ஆப் போட்டுக்கோங்க, அங்க எல்லாருக்கும் அதுதான். பல ஊர்ல தெருப் பேரு, கதவு எண்ணே புழக்கத்துல கிடையாது, "சர்ச்சுலேர்ந்து 200 மீட்டர் தெற்கு, அப்புறம் 50 மீட்டர் கிழக்கு"ன்னுதான் அட்ரஸே சொல்வாங்க, 100 மீட்டர்னா ஒரு பிளாக்னு அர்த்தம்.

லா ஃபோர்ட்டூனா டூ மான்டெவெர்டேக்கு வேன், படகு, வேன்னு ஏரியைக் குறுக்கால கடந்து போற ஏற்பாடு ஒண்ணு இருக்கு, நேரம் கொஞ்சம் மிச்சம், பசங்களுக்கும் ஜாலி. ஆனா படகுல ஏறி இறங்குற இடம் சேறும் மேடுமா இருக்கும், மழைன்னா வழுக்கும். அப்பாவால படி இறங்க முடியுமான்னு பாத்து முடிவு பண்ணுங்க, சந்தேகமா இருந்தா ரோட்டு வழியே போயிடுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கோஸ்டா ரிகாவுல பாக்க வேண்டியது கட்டடமோ கோட்டையோ இல்ல, உயிர். நாட்டுல கால்வாசி நிலம் தேசியப் பூங்கா, ரிசர்வுன்னு பாதுகாப்புல இருக்கு. 1980கள்ல காட்டையெல்லாம் மாட்டுப் பண்ணைக்காக வெட்டி நாட்டுல கால் பங்கு காடுதான் மிச்சம்ங்கிற நிலைமைக்கு வந்துட்டாங்க, அப்புறம் 1996ல ஒரு வனச் சட்டம் போட்டு, பெட்ரோல் டீசல் வரியிலேர்ந்து ஒரு பங்கை எடுத்து, மரத்தை வெட்டாம வச்சிருக்கிற விவசாயிக்குப் பணமாவே குடுக்க ஆரம்பிச்சாங்க. இன்னிக்குப் பாதி நாடு மறுபடியும் காடு. நீங்க நடக்கிற பாதைல சில மரங்கள் உங்க வயசை விடச் சின்னதா இருக்கும், அதுல குரங்கு தாவும், இதைப் பசங்களுக்குச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க, நம்மளாலயும் இதைப் பண்ண முடியும்னு அந்த வயசுல தெரிஞ்சுக்கிறது பெரிய விஷயம்னு நான் நம்புறேன்.

ஆனா காடுன்னா ஜூ கிடையாது, எதுவும் முன்னாடி வந்து நிக்காது. ஸ்லாத்னு மரத்துலயே வாழ்ற மந்தமான மிருகம், மேல இலை நடுவுல உருண்டையா, பாசி படிஞ்ச சாக்கு மூட்டையா கிடக்கும், வாரத்துக்கு ஒரு தடவை மலம் கழிக்க மட்டும்தான் கீழ இறங்கும். நீங்களா நடந்தா பத்து ஸ்லாத்துக்கு அடில நடந்து போயிருந்தாலும் ஒண்ணு கூட கண்ல படாது. அதனால எதுல சுருக்கினாலும் சரி, ஹோட்டல்ல ஒரு ஸ்டார் கம்மி பண்ணினாலும் சரி, மூணு இடத்துலயும் ஒவ்வொரு நடையாவது லைசென்ஸ் உள்ள நேச்சுரலிஸ்ட் கைடோட போங்க. அவங்க கையில முக்காலி ஸ்டாண்டோட டெலஸ்கோப் இருக்கும், சத்தத்தை வச்சே எந்த மரத்துல என்ன இருக்குன்னு சொல்லிடுவாங்க, உங்க போனை வாங்கி டெலஸ்கோப் வழியாவே போட்டோ எடுத்துக் குடுப்பாங்க. அப்பாவுக்கு இதுதான் வரம், ரொம்ப தூரம் நடக்க வேண்டாம், கைடு அரை மணி நேரம் ஒரே இடத்துல நின்னு பத்து விஷயம் காட்டுவாரு. குடும்பத்துக்குத் தனி கைடா பேசுங்க, பெரிய குரூப்ல போனா வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாது.

லா ஃபோர்ட்டூனா அரெனால் எரிமலை அடிவாரம். 1968 ஜூலை 29ந் தேதி, அதுவரைக்கும் சும்மா கிடந்த மலைன்னு ஊர்க்காரங்க நெனச்சிட்டு இருந்தது வெடிச்சு, ஊர்களையே மூடி 87 பேரு செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் 2010 வரைக்கும் லாவா வழிஞ்சிட்டே இருந்துச்சு. இப்ப இல்ல. இன்னும் பழைய சிவப்பு லாவா போட்டோவைப் போட்டு ராத்திரி டூர் விக்கிறாங்க, அதுக்குப் பணம் கட்டாதீங்க. மலை உச்சி மேகத்துல மறைஞ்சே இருக்கும், விடிகாலை 5:30க்கு எந்திரிச்சா தெரிய வாய்ப்பு அதிகம். இங்க உங்க குடும்பத்துக்கு ரெண்டே ரெண்டு விஷயம்: காலைல தொங்கு பாலங்கள், சாயங்காலம் வெந்நீர் ஊற்று. பாலம் சுத்து சுமார் 3 கிலோமீட்டர், ஏத்த இறக்கம் உண்டு, அப்பா முழுசும் போக வேண்டாம், ஆரம்பத்துல ஒரு பகுதி போயிட்டு வந்து உக்காரலாம். வெந்நீர் எரிமலை சூட்டுல காயுற தண்ணி, குளத்துக்குக் குளம் சூடு மாறும், முழங்கால் வலிக்காரங்களுக்கு அதை விட சுகம் எதுவும் இல்ல. குழந்தைங்களை ரொம்பச் சூடான குளத்துல விடாதீங்க. எங்க மாமியார் புடவையோட எப்படி இறங்குறதுன்னு தயங்கி நின்னாங்க, அங்க நீச்சல் உடைன்னு விதி உண்டு, முழுக்கை டீ ஷர்ட்டும் லெக்கிங்ஸ் மாதிரி நீச்சல் துணியும் முன்னாடியே வாங்கிக் குடுத்துட்டா அம்மாவும் கூச்சமில்லாம இறங்குவாங்க.

ஃபோர்ட்டூனா அருவி 70 மீட்டர், அழகுதான், ஆனா இறங்க 500 படி, திரும்ப ஏறவும் அதே 500. நீங்களும் பெரிய பையனும் போங்க, மத்தவங்க மேலேர்ந்தே பாக்கலாம். ரியோ செலஸ்டேவை வெட்டச் சொன்னதும் இதே காரணம்தான். ரெண்டு ஓடை கலக்குற இடத்துல அலுமினியமும் சிலிக்கானும் சேந்து தண்ணில மிதக்குற நுண்துகள் பெருசாகுது, அது வெளிச்சத்துல நீலத்தை அதிகமா சிதறடிக்குது, அதான் அந்த நீலம், சாயம் எதுவும் இல்ல. ஆனா நல்ல மழை பெஞ்சா ஆறு பழுப்பாயிடும், ஜூலைல மழைக்கு வாய்ப்பு அதிகம், பாதை பூரா சேறு, குளிக்கவும் விட மாட்டாங்க. அப்பாவை வச்சிக்கிட்டு அந்த சூதாட்டம் வேண்டாம்.

மான்டெவெர்டே எனக்குப் பிடிச்ச ஊரு, அதனால கொஞ்சம் கூடவே சொல்றேன். 1948 டிசம்பர் 1ந் தேதி, அப்ப நாட்டுத் தலைவரா இருந்த ஹொசே ஃபிகேரெஸ் இந்த நாட்டு ராணுவத்தையே கலைச்சாரு, சான் ஹொசேல ராணுவ முகாமா இருந்த கோட்டைச் சுவரைச் சம்மட்டியால அடிச்சு அதை அறிவிச்சாரு, அந்தக் கோட்டைதான் இன்னிக்கு தேசிய மியூசியம். இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்காவுல அலபாமாவுல ராணுவத்துல சேர மாட்டோம்னு சொன்னதுக்காக ஜெயிலுக்குப் போன குவேக்கர் கிறிஸ்தவங்க, குடும்பம் குடும்பமா 1951ல இந்த மலைக்கு வந்து மாடு வளத்து சீஸ் செஞ்சு பிழைச்சாங்க. ஆத்துக்குத் தண்ணி வர்ற மேல்காட்டைத் தொடாம விட்டு வச்சாங்க, அதை ஒட்டித்தான் 1972ல இன்னிக்கு இருக்கிற மேகக் காட்டு ரிசர்வ் வந்துச்சு. பக்கத்துலயே குழந்தைகளின் நித்திய மழைக்காடுன்னு ஒண்ணு இருக்கு, 1987ல ஸ்வீடன்ல ஒரு சின்ன கிராமத்துப் பள்ளிக்கூடப் பசங்க காசு சேத்து அனுப்பினதுலேர்ந்து ஆரம்பிச்சது, உங்க 11 வயசுக்காரன் கிட்ட இதைக் கண்டிப்பா சொல்லுங்க. இந்த மலைல மட்டுமே இருந்த தங்க நிறத் தேரை 1989க்கு அப்புறம் யார் கண்லயும் படல, அதையும் சொல்லுங்க, நல்லதை மட்டும் சொல்லிக் கூட்டிட்டுப் போகக் கூடாது.

அந்த ஊர்ல குளிரும், 1,400 மீட்டர் உயரம், கரீபியன் பக்கத்துக் காத்து ஈரத்தோட வந்து மலைல முட்டி மேகமா காட்டுக்குள்ளயே நுழையுது, இலை நுனில எப்பவும் சொட்டிட்டே இருக்கும். ஸ்வெட்டர், ரெயின் ஜாக்கெட் ஆறு பேருக்கும். ரிசர்வ் வாசல் பக்கத்துல ஹம்மிங்பேர்டுக்குச் சக்கரைத் தண்ணி வச்சிருக்கிற கஃபே இருக்கு, பெஞ்சுல உக்காந்தா காதுக்குப் பக்கத்துல விர்ருன்னு பறக்கும், அம்மா அப்பா அங்கயே ஒரு மணி நேரம் உக்காரலாம். ராத்திரி நடை ஒண்ணு கட்டாயம் போங்க, டார்ச் வெளிச்சத்துல தவளை, பச்சைப் பாம்பு, தூங்குற பறவை, டாரன்டுலா சிலந்தி எல்லாம் பாக்கலாம், 6 வயசுக்கும் தாங்கும். நீள வால் பச்சைப் பறவை குவெட்சாலைப் பாக்கிறது ஜூலைல கஷ்டம், ஆசையை வளத்துக்காதீங்க. கம்பில தொங்கிட்டே காட்டு மேல போற ஜிப்லைனுக்கு வயசு, எடை வரம்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சின்னவனைச் சேப்பாங்களான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

அங்கேர்ந்து மானுவல் அன்டோனியோ நாலு, நாலரை மணி நேரம். வழில தார்கோலெஸ் ஆத்துப் பாலத்துல நிறுத்தச் சொல்லுங்க, எட்டிப் பாத்தா பாலத்துக்கு அடில ராட்சத முதலைங்க மணல்ல படுத்திருக்கும். வண்டில பெட்டியோட ஒருத்தர் இருங்க, அந்த மாதிரி இடத்துல கார் கண்ணாடி உடைக்கிறவங்க உண்டு.

மானுவல் அன்டோனியோ சின்னப் பூங்கா, ஆனா பிரதான பாதை அகலமா சமமா இருக்கும், அப்பாவுக்கு மூணு இடத்துல இதுதான் சுலபம், கடைசில கடல் வரும். வெள்ளை முகக் குரங்கு, ஸ்லாத், உடும்பு மாதிரி இகுவானா எல்லாம் நெருக்கத்துலயே. டிக்கெட் வாசல்ல தர மாட்டாங்க, அரசாங்க இணையதளத்துல முன்னாடியே எடுக்கணும், நேரம் போட்டுத்தான் குடுப்பாங்க, முதல் நேரத்தையே எடுங்க. வாசலுக்கு ரொம்ப முன்னாடியே சட்டை போட்ட ஆளுங்க ரோட்ல கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொல்வாங்க, பூங்கா ஆளு மாதிரியே பேசுவாங்க, நிறுத்தாதீங்க. உள்ள பையைச் சோதிப்பாங்க, தின்பண்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, குரங்குக்கு எதையும் குடுக்கக் கூடாது, அது பையைத் திறந்தே எடுத்துடும். பீச்ல பசங்களை ஒரு விஷயத்துக்குப் பிடிச்சுக்கோங்க: மான்சனியோன்னு ஒரு மரம், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய் கீழ கிடக்கும், கடிச்சா வாய் தொண்டை வெந்துடும், பால் பட்டாலே கொப்பளம், மழைல அதுக்கு அடில ஒதுங்கவும் கூடாது. பசிஃபிக் கடல்ல உள்ளிழுக்கிற நீரோட்டமும் பலம், பல பீச்ல லைஃப்கார்டு கிடையாது, முழங்கால் ஆழத்துக்கு மேல பசங்களை விடாதீங்க.

டோர்டுகேரோவை வெட்டச் சொல்றதுக்குத்தான் எனக்கே மனசு கஷ்டம், ஏன்னா ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும் பச்சைக் கடலாமை முட்டை போட வர்ற காலம், நீங்க போற மாசமும் அதான். ஆனா ரோடே இல்லாத ஊரு, லா பவோனாலேர்ந்து படகு, ராத்திரி இருட்டுல கைடோட மணல்ல நடக்கணும், மழையும் அந்தப் பக்கம் ஜாஸ்தி. பசங்க ஆமைப் பைத்தியம்னா மான்டெவெர்டேவைத் தூக்கிட்டு இதுக்கு ரெண்டு ராத்திரி குடுங்க, ரெண்டையும் சேக்காதீங்க. புவெர்ட்டோ வியெஹோ கரீபியன் கரை, செப்டம்பர் அக்டோபர்ல தனியா ஒரு தடவை போக வேண்டிய இடம், தேங்காப்பால்ல வேகவச்ச சோறும் பீன்ஸும் அங்க அவ்வளவு நல்லா இருக்கும்.

மழைக்குப் பயந்து தேதியை மாத்தாதீங்க. பசிஃபிக் பக்கம் மே டு நவம்பர் மழைக்காலம்தான், ஆனா காலைல வெயில், மதியத்துக்கு மேல கொட்டும். எல்லாத்தையும் காலைல 6லேர்ந்து 12க்குள்ள வச்சுக்கோங்க, மதியம் பெரியவங்க படுக்கட்டும். ஜூலை ஆரம்பத்துல அவங்க ஊர்ப் பள்ளிக்கும் ரெண்டு வாரம் லீவு, ரூம் சீக்கிரம் போடுங்க.

சாப்பாட்டுக்கு அம்மா பட்டினி கிடக்க மாட்டாங்க. காலைல கால்யோ பின்டோன்னு சோறும் கறுப்பு பீன்ஸும் கிளறினது, மதியம் காசாடோன்னு சோறு, பீன்ஸ், சாலட், பழுத்த வாழை வறுவல், அதுல கறியை எடுக்கச் சொல்லிடலாம். சோடான்னு போர்டு போட்ட சின்ன மெஸ்ல சாப்பிடுங்க, விலையும் கம்மி, கேட்டா செஞ்சும் தருவாங்க. ஆனா பீன்ஸ்ல சில இடத்துல பன்றிக் கொழுப்பு சேப்பாங்க, சோத்துல கோழிப் பொடியும் போடலாம், அதனால சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் வேவோ, சின் மான்டேகா, இந்த அஞ்சையும் ஒரு சீட்டுல எழுதி அம்மா பையிலயே வச்சுடுங்க: கறி, கோழி, மீன், முட்டை, கொழுப்பு வேண்டாம்னு அர்த்தம். மான்டெவெர்டேல கிச்சன் உள்ள வீடா எடுங்க, சூப்பர்மார்க்கெட்ல அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் கிடைக்கும், ராத்திரி ஒரு தயிர் சாதம் போதும் பெரியவங்களுக்கு. ரோட்டோரத்துல இளநி, பப்பாளி, ரம்புட்டான் வாங்கிக் குடுங்க. குழாய்த் தண்ணி பெரும்பாலான ஊர்ல அப்படியே குடிக்கலாம். பில்லுல 13 சதவீத வரியும் 10 சதவீத சர்வீஸும் சேந்தே வரும், டிப்ஸ் தனியா வைக்கணும்னு கட்டாயம் இல்ல.

அப்பா அம்மாவை மரங்களைப் பாக்கச் சொல்லுங்க. நம்மூர் ரோட்டோரம் நிக்கிற தூங்குமூஞ்சி மரம், கொடுக்காப்புளி, பப்பாளி, சப்போட்டா, இலவம்பஞ்சு மரம், இதெல்லாத்துக்கும் பூர்வீகம் இந்த மத்திய அமெரிக்கப் பக்கம்தான். மாட்டு வேலியா நட்டிருக்கிற கம்பெல்லாம் துளுத்து நிக்கும், அதுல நிறைய நம்ம தோட்டத்துல உரத்துக்கு வெட்டுற கிளைரிசிடியா. ஸ்பானிஷ் தெரியாத பெரியவங்களுக்கு வேன்ல மூணு மணி நேரம் போறதே தெரியாது, இதைப் பாத்துட்டே வருவாங்க.

விசா: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கோஸ்டா ரிகா விசா வேணும், ஆனா அமெரிக்க மல்டிபிள் என்ட்ரி டூரிஸ்ட் விசா செல்லுபடியா இருந்தா தனியா எடுக்க வேண்டாம், அப்பா அம்மாவுக்கு அது போதும். உங்களுக்கு வேலை விசான்னா, அதுவும் பாஸ்போர்ட்ல ஒட்டின விசா காலாவதியாகி வெறும் அனுமதிப் பேப்பர்ல இருக்கீங்கன்னா, கோஸ்டா ரிகா கான்சுலேட்டுக்கு மெயில் போட்டு எழுத்துலயே பதில் வாங்கிட்டு டிக்கெட் போடுங்க, திரும்பி அமெரிக்காவுக்குள்ள வர்றதுக்கும் அதேதான்.

நாள் கணக்கு இப்படி வரும்: முதல் ராத்திரி ஏர்போர்ட் பக்கத்துல அலஹுவேலால, மறுநாள் காலைல போவாஸ் திறந்திருந்தா பாத்துட்டு அந்தப் பக்கமாவே லா ஃபோர்ட்டூனா இறங்கி ரெண்டு ராத்திரி, மான்டெவெர்டே ரெண்டு, மானுவல் அன்டோனியோ ரெண்டு, எட்டாம் நாள் காலைல கெளம்பினா மூணு மணி நேரத்துல ஏர்போர்ட், மதியம் 3 மணிக்கு மேல ஃப்ளைட்டா எடுங்க. போவாஸுக்கும் ஆன்லைன் முன்பதிவுதான், எரிமலை சீறினா மாசக்கணக்குல மூடிடுவாங்க, கந்தக நெடி அடிக்கும், வீட்ல யாருக்காவது ஆஸ்துமா இருந்தா விட்டுடுங்க. டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி காலண்டர்ல ஒண்ணு பாத்துக்கோங்க, மானுவல் அன்டோனியோ பூங்கா செவ்வாய்க்கிழமை லீவு, உங்க ஏழாம் நாள் செவ்வாயா விழுந்தா மொத்தத்தையும் ஒரு நாள் தள்ளிப் போடுங்க.